மார்ச்சில் எத்தனை பேர் மிச்சம்?

ராக்கி ஹில், கனெக்டிகட்
2024 அக்டோபர் 20, ஞாயிறு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

யூகான், அதாவது நம் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றிப் போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உனக்கு மீட்டிங் வந்துவிட்டது, எனக்கு அடுப்பில் குக்கர். "ஆலியா எட்வர்ட்ஸ் போனபிறகு ரிங்குக்குக் கீழே நிற்க ஆளே இல்லை, இந்த வருடமும் யூகான் கோப்பை வாங்காது" என்றாய். பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

ஆலியா போனது பெரிய இழப்புதான். டபிள்யூஎன்பிஏ என்கிற பெண்கள் தொழில்முறை லீக்குக்கு ஆள் எடுத்தபோது சும்மாவா வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அவளை ஆறாவது ஆளாக எடுத்தது? நிகா மூல் உங்கள் சியாட்டிலுக்கே வந்துவிட்டாள். யூகான் வரலாற்றில் அவளைவிட அதிகமாக அசிஸ்ட் (கூடையில் முடிகிற பாஸ்) கொடுத்தவள் கிடையாது, எதிரணியின் முக்கியமான ஆளை விடாமல் துரத்துகிற வேலையும் அவளுடையதுதான். இரண்டு இடமும் காலி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் போன வருடம் நாம் தோற்றதற்குக் காரணம் உயரம் இல்லை, ஆள் எண்ணிக்கை. கொஞ்சம் யோசித்துப் பார். அஸி ஃபட் நவம்பரிலேயே முட்டி போய் உட்கார்ந்துவிட்டாள். ஆப்ரி கிரிஃபின் ஜனவரியில். கரோலின் டுசார்முக்குத் தலையிலும் கழுத்திலும் தொல்லை. எகிப்துப் பெண் ஜனா எல் அல்ஃபி, சீசன் தொடங்கும் முன்னாலேயே, கோடையில் தன் நாட்டு அணிக்காக ஆடும்போது குதிகால் தசைநாரை அறுத்துக்கொண்டாள். பெஞ்சில் பயிற்சி உடுப்பு போட்டவர்களைவிடச் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கேகே ஆர்னால்டும் ஆஷ்லின் ஷேடும் முதல் வருடப் பிள்ளைகள். அவர்களை நேராகத் தொடக்க ஐவரில் இறக்கினார் பயிற்சியாளர் ஜீனோ. பெய்ஜ் பெக்கர்ஸ் ஆறடி, ரிங்கைவிட்டுத் தள்ளி நின்று பந்தை நடத்துகிற பிறவி கார்டு. அவளை ரிங்குக்கு அருகே ஆடும் ஃபார்வர்டாக நிறுத்தி, தன்னைவிடப் பெரிய உடம்புக்காரிகளோடு மல்லுக்கட்ட வைத்தார். வேறு வழியில்லை அவருக்கு.

அப்படி ஆடியே 33 வெற்றி, 6 தோல்வி. கிளீவ்லாந்தில் தேசிய அரையிறுதியில் ஐயோவாவோடு கடைசி நொடிவரை. ஒரு புள்ளி பின்தங்கி, பந்து நம் கையில், 3.9 நொடி மிச்சம். அப்போது ஆலியா எதிராளியை மறித்துப் போட்ட ஸ்க்ரீனுக்கு ஃபவுல் என்று விசில். 71-69 என்று தோற்றோம். அந்த விசிலைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பாவுக்கு இன்றைக்கும் இரண்டாவது சாதம் இறங்காது. எனக்கு அந்த விசில் மேல் பெரிய கோபம் இல்லை. நாலாவது குவார்ட்டரில் பெய்ஜின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் நாள் முழுக்க முட்டிகளையே பார்க்கிறவளுக்கு வேறென்ன தெரியும்? களைத்த கால் ஷாட்டில் தெரியும், பந்து ரிங்கின் முன்விளிம்பில் இடிக்கும்.

இந்த வருடம் என்ன மாறியிருக்கிறது என்றால், முதலில் ஸாரா ஸ்ட்ராங். நார்த் கரோலினாவில் பள்ளிக்கூடம் முடித்தவள், ஆறடி இரண்டங்குலம். விளையாட்டு சானல் இஎஸ்பிஎன் அவளைத்தான் இந்த வருடப் புதுமுகங்களில் முதலிடத்தில் வைத்தது. பாஸ் கொடுக்கிறாள், தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் போடுகிறாள், ரிங்கில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டுக்கு அவசரப்படாமல் சரியான இடத்தில் போய் நிற்கிறாள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பதினெட்டு வயசில் பெரும்பாலானவர்கள் பந்து போகும் இடத்துக்கு ஓடுவார்கள், இவள் பந்து வரப்போகும் இடத்தில் காத்திருக்கிறாள்.

அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. அவள் அம்மா அலிசன் ஃபீஸ்டர். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். 1998 தேசியப் போட்டியில், தன் பிரிவின் கடைசியான பதினாறாம் தரவரிசையில் இருந்த ஹார்வர்டு, முதல் தரவரிசை ஸ்டான்ஃபோர்டை அவர்கள் ஊரிலேயே போய்த் தோற்கடித்தது, 71-67. அதுவரை ஆண்கள் போட்டியிலும் சரி, பெண்கள் போட்டியிலும் சரி, அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஆண்களில் அது நடக்க இன்னும் இருபது வருடம் ஆயிற்று. அன்றைக்கு ஃபீஸ்டர் 35 புள்ளி. அப்புறம் டபிள்யூஎன்பிஏ, ஐரோப்பா என்று ஆடினார், இப்போது பாஸ்டன் செல்டிக்ஸ் நிர்வாகத்தில் இருக்கிறார். ஸாரா ஸ்பெயினில் பிறந்தவள், அம்மாவும் அப்பாவும் ஆடுகிற களத்தின் ஓரத்திலேயே வளர்ந்தவள். நான் முட்டிக்கு ஐஸ் வைப்பதைப் பார்த்து வளர்ந்த நீ எதற்குக் கம்ப்யூட்டர் பக்கம் போனாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சரி, அதை விடு.

ஸாரா வந்ததால் பெய்ஜுக்கு என்ன லாபம் என்பதுதான் விஷயமே. ரிங்குக்கு அருகே முட்டிமோத இன்னொருத்தி வந்துவிட்டாள் என்றால், பெய்ஜ் மறுபடியும் கார்டாக ஆடலாம். இடுப்பில் இடி வாங்குவது குறையும். போன வருடம் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 22 புள்ளி எடுத்தாள். இந்த வருடம் அது 20-க்குக் கீழே வந்தால் பேப்பர்காரர்கள் ஏதாவது எழுதுவார்கள். நீ கவலைப்படாதே. நவம்பரில் குறைவாகவும், கோப்பைக்கான தேசியப் போட்டி தொடங்கும் மார்ச்சில் அதிகமாகவும் எடுக்கட்டும், எனக்கு அது போதும்.

அவளிடம் ஒரே குறைதான். தானே போடக்கூடிய ஷாட்டைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவாள். ஜீனோவும் இதையே சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார். நல்ல குணம்தான், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கு வேண்டிய குணம். கடைசி இரண்டு நிமிடத்தில் வேண்டாம். இடது முட்டியில் இரண்டு முறை அடி, 2021 டிசம்பரில் எலும்பு முறிவு, 2022 ஆகஸ்டில் ஏசிஎல் (முட்டியைப் பிடித்து நிறுத்தும் ஜவ்வு) கிழிந்தது. முதல் வருடத்திலேயே நாட்டின் சிறந்த ஆட்டக்காரி விருதுகளை அள்ளியவள். ஒரு புதுமுகத்துக்கு அது முன்பு கிடைத்ததே இல்லை. ஆனால் இன்றுவரை ஒரு கோப்பை இல்லை. இது ஐந்தாவது வருடம், கடைசி வருடமும்கூட. அடுத்த ஏப்ரலில் டபிள்யூஎன்பிஏ அவளைத்தான் முதலில் எடுக்கும் என்கிறார்கள்.

அஸி விஷயத்துக்கு வருகிறேன். நீ அவள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தூங்கின பெண், அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் அவள் ஆடியது 42 ஆட்டம்தான். முதல் வருடம் 25, அடுத்து 15, போன வருடம் 2. வலது முட்டியில் ஏசிஎல் போனது இது இரண்டாவது தடவை, முதல் தடவை பள்ளியில் படிக்கும்போதே. இந்த முறை முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்தது. அறுவை சிகிச்சையில் ஏசிஎல் ஜவ்வுக்குப் பதிலாக வேறொரு நாரை வைத்துப் பொருத்துவார்கள். அது எலும்போடு ஒட்டி, உரம் ஏறி, நிஜ ஜவ்வு மாதிரி வேலை செய்யக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடிக்கும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்குகிறவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதை எங்கள் துறையில் எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடைத் தசை, மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. இதெல்லாம் சரியான பிறகும் ஒன்று பாக்கி இருக்கும், அந்தக் காலை நம்பி இறங்குகிற தைரியம். அதை அளக்க மெஷின் கிடையாது.

அவளுக்கு அடிபட்டு ஒரு வருடம் நிறையப் போகிறது. முதல் சில ஆட்டங்களில் இறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், இறக்கவும் கூடாது. டிசம்பரில் பத்து நிமிடம், ஜனவரியில் இருபது, அப்படி ஏற்றிக்கொண்டே போனால் சரி. நடுவில் சில ஆட்டங்களில் ஆளே காணாமல் போன மாதிரி ஆடுவாள். அப்போது நீ எனக்கு அழுமூஞ்சி பொம்மைகளை அனுப்பக் கூடாது. அவள் ஷாட் போடும் திறமை எங்கும் போய்விடாது. என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃப் கரி தன் பயிற்சி முகாமுக்கு முதல்முதலாகப் பெண்களைக் கூப்பிட்டபோது அழைத்த இருவரில் ஒருத்தி அவள். பந்து கைக்கு வந்து கையை விட்டுப் போவதற்குள் எதிரில் நிற்பவள் கையைத் தூக்கவே முடியாது. பெய்ஜ் ஒரு பக்கம், அஸி ஒரு பக்கம், நடுவில் ஸாரா என்று நின்றால் யாரை விட்டுவிட்டு யாரை மறிப்பார்கள்?

நிகாவின் இடத்துக்கு கெய்ட்லின் சென். பிரின்ஸ்டனிலிருந்து வருகிறாள். பிரின்ஸ்டன், ஹார்வர்டு மாதிரிப் பல்கலைக்கழகங்கள் ஆடும் ஐவி லீக் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரி, மூன்று வருடம் தொடர்ந்து. கொரோனா வருடத்தில் ஐவி லீக்கில் ஆட்டமே நடக்கவில்லை, அதனால் அவளுக்கு ஒரு வருடம் பாக்கி இருந்தது. ஆனால் பட்டம் வாங்கியபிறகு அங்கே ஆட விட மாட்டார்கள். அது அவர்கள் சட்டம். நமக்கு அடித்தது யோகம். நிகா மாதிரி எதிராளியைத் துரத்திக் கடிக்க மாட்டாள், அதைக் கேகே பார்த்துக்கொள்வாள். கேகேயின் கை பாம்பு மாதிரி நீளுகிறது, எதிராளிக்குப் பந்து காணாமல் போனதே தாமதமாகத்தான் தெரிகிறது. ஆஷ்லின் ஷேடைப் பெஞ்சிலிருந்து இறக்கலாம் என்கிற வசதி போன வருடம் இருந்ததா சொல்லு. ஏலி ஸீபெல், மார்கன் செலி என்று இரண்டு புதுமுகங்கள் வேறு. அவர்களைப் பற்றி ஜனவரியில் பேசலாம்.

நீ சொன்ன அந்தப் பாதி, உள்ளே ஆள் இல்லை என்பது, ஜனாவையும் ஐஸ் பிரேடியையும் பொறுத்தது. ஜனா ஆறடி ஐந்தங்குலம். குதிகால் தசைநார் அறுந்தவர்களுக்குத் துள்ளல் திரும்புவதுதான் கடைசியில், ஓட்டம் முதலில் வந்துவிடும். அதனால் அவள் ஒரு ஆட்டம் பிரமாதமாகவும் அடுத்த ஆட்டம் ஃபவுல் ஃபவுலாகவும் ஆடினால் ஆச்சரியப்படாதே. ஐஸும் முதல் வருடத்தை முட்டிக்குப் பலி கொடுத்தவள்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஆலியாவில் முக்கால் பங்கு ஆனால் போதும். சௌத் கரோலினாவிடம் அது போதாது என்பாய். போன பிப்ரவரியில் 83-65 என்று உதைத்தார்கள், நினைவிருக்கிறது. வருகிற பிப்ரவரி 16 மறுபடி அவர்கள் ஊரில் ஆட்டம். அதில் தோற்றாலும் நான் அசர மாட்டேன். பத்திரிகையாளர்கள் தரவரிசையில் அவர்கள் ஒன்று, நாம் இரண்டு. அக்டோபருக்கு அது நியாயமான கணக்கு.

ஜீனோவுக்கு இது நாற்பதாவது சீசன், வயசு எழுபது. ஸ்டான்ஃபோர்டு பயிற்சியாளராக இருந்த டாரா வேன்டர்வீரின் 1216 வெற்றியைத் தாண்ட இன்னும் நாலு வேண்டும். முதல் மூன்றும் ஒழுங்காகப் போனால் நவம்பர் 20 யூகான் வளாகத்தில் இருக்கும் கேம்பல் அரங்கில் அது நடக்கும், டிக்கெட் வாங்கிவிட்டோம். அன்றைக்கு யூகான் இருக்கும் ஸ்டோர்ஸுக்குப் போகிற 195-ம் சாலையில் வண்டி நகராது, அப்பா இப்போதே மதியம் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். உண்மையான காரணம் யூகான் வளாகத்து டெய்ரி பார் கடை ஐஸ்கிரீம், நவம்பர் குளிரில்! டிசம்பர் 21 ஹார்ட்ஃபோர்டில் யூஎஸ்ஸி (தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) ஆட்டம், அவர்கள் நட்சத்திரம் ஜூஜூ வாட்கின்ஸ் வருகிறாள். நீ கிறிஸ்துமஸ் லீவுக்கு அதற்கு முன்னால் வந்துவிட்டால் மூன்று பேரும் போகலாம், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதியைச் சொல்.

2016-க்குப் பிறகு பெண்கள் அணிக்குக் கோப்பை இல்லை. நடுவில் ஆண்கள் அணி இரண்டு வருடம் தொடர்ந்து வாங்கிவிட்டது, மிடில்டவுன் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் ஆண்கள் அணியின் பயிற்சியாளர் டான் ஹர்லியைப் பற்றிப் பேசுகிறார்கள். நாகரிகமாகச் சிரித்துவைக்கிறேன்.

என் கணக்கு இதுதான்: மார்ச்சில் ஒன்பது பேர் ஓடக்கூடிய நிலையில் இருந்தால் கோப்பை நமக்கு. ஏழு பேர் என்றால் ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதி வரை. அதற்கும் கீழே என்றால் நீ சொன்னதுதான் நடக்கும், போன் பண்ணிச் சொல்லிக்காட்டிக்கொள்.

அப்புறம், நீ என்னோடு பந்தயம் கட்டுகிறாய் என்றால் ஒரு வேலை செய். ஏழு மணி ஆட்டம் உனக்கு நாலு மணி, ஆபீஸில் திருட்டுத்தனமாகத்தான் பார்க்கிறாய் என்று தெரியும். ஆனால் இந்த வருடம் ரீஜனல் ஆட்டங்கள் (அரையிறுதிக்கு முந்தைய சுற்றுகள்) பர்மிங்காமிலும் ஸ்போகேனிலும். ஸ்போகேன் என்றால் உனக்குக் காரில் நாலரை மணி நேரம். மார்ச் 28 வெள்ளியிலிருந்து 31 திங்கள் வரை இப்போதே லீவு சொல்லிவை. நம் அணியை பர்மிங்காமுக்கு அனுப்பிவிட்டால் லீவைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஸ்போகேன் என்று அறிவித்தார்கள் என்றால் நான் விமானம் ஏறிவிடுவேன். அப்பா வருவாரா என்று தெரியாது, விசில் சத்தம் ஆகாது அவருக்கு.

முறுக்கு பார்சல் செவ்வாய்க்கிழமை போடுகிறேன். காரம் உனக்கு, நெய் முறுக்கு உன் ரூம்மேட்டுக்கு. மாற்றிக் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா