கையெழுத்துப் போடுமுன்

அன்புள்ள ஆயிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மற்றதெல்லாம் நேரில்.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசியது கூடத்தில் இருந்த என் காதிலும் விழுந்தது. உன் வகுப்பில் ஒரு பையன், நம் தம்பியைப் போல ஆட்டிசம் உள்ளவன், ஒரே தொந்தரவு, சத்தம் போடுகிறான், ஓர் இடத்தில் உட்காருவதில்லை, மற்ற பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள், அவனைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பச் சொல்லி டீச்சர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்றாய். அம்மா “சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அது உன் வேலை, உன் பள்ளிக்கூடம்.

தம்பியை மூன்றாவதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது நீ எட்டாவது படித்தாய். டீச்சர் கோபத்தில் “இப்படி இருந்தா வீட்டுக்குப் போ” என்றார். அவன் பையை எடுத்து மாட்டி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாய்க்கால் கரையோடு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். சொன்னதைத்தான் செய்தான். பள்ளிக்கூடத்தில் ‘ஓடிப்போகிற பையன்’ என்று எழுதிவிட்டார்கள். கோபத்தில் சொல்வதற்கு வேறு அர்த்தம் என்பது அவனுக்குப் பிடிபடாது, அது திமிர் இல்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறியதும் சேட்டை இல்லை. நமக்கு வெறும் மணி, அவனுக்கு மண்டைக்குள் சம்மட்டி. கையை உதறுவது தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ள.

உனக்குத் தெரியாததா? “இப்ப மணி அடிக்கும்” என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவன் அலறுவதில்லை என்று கண்டுபிடித்ததே நீதானே. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் உனக்கு இருந்த அந்தப் புத்தி எந்த டாக்டர் சொல்லியும் எங்களுக்கு வரவில்லை. அவனை லூசு என்றவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்து நின்றாயே, அன்றைக்கு நான் உன்னைத் திட்டவில்லை, நினைவிருக்கிறதா? நீ டீச்சர் வேலையில் சேர்ந்தபோது ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பிள்ளையா இப்போது ‘தொந்தரவு’ என்கிறாள் என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

அம்மா பட்டது உனக்குப் பாதிதான் தெரியும். கிரகணத்தில் வெளியே வந்தாள், பிள்ளையைக் கொஞ்சவில்லை, அதனால்தான் இப்படி என்றார்கள். நம் ஊர்தான் இப்படி என்று நினைக்காதே. அமெரிக்காவில் 1950, 60களில் பெரிய டாக்டர்களே ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்றார்கள். 1964இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர், அவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தகப்பன், அது தவறு, உடம்போடு பிறந்த விஷயம் என்று புத்தகமே எழுதினார். வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பையனின் அம்மாவையும் உங்கள் ஸ்டாஃப் ரூமில் யாராவது குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நீ கூடச் சேராதே.

தம்பிக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க அலைந்தபோது, பட்டியலில் ஆட்டிசம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் அது இல்லைதான். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடம் பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்கு ஏற்ற வசதி செய்துதர வேண்டும். கையெழுத்துக் கேட்பவர்களிடம் இதைச் சொல். அவனுக்கு ஃபேன் சத்தம், வெளிச்சம் குறைந்த இடமாகப் பார்த்துக் கொடு. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல். கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்தாதே. எது மாறினாலும் முன்கூட்டிச் சொல். இடம் மாற்றினாலும், டீச்சர் லீவு என்றாலும், மணிக்கு முன்னாலும், முன்கூட்டிச் சொல்.

தம்பி காலையில் பேப்பர் வந்ததும் மேட்டூர் நீர்மட்டத்தை நோட்டில் எழுதுகிறான். அணை நிரம்பி 120 அடி தொட்டால் அடியில் சிவப்புக் கோடு. நாற்றங்கால் விடுமுன் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் அவனிடம்தான் கேட்கிறார்கள். எனக்குப் பெருமைதான், ஆனால் இது தெரிந்ததால்தான் அவனுக்கு மதிப்பு என்று யாராவது பேசினால் கோபம் வருகிறது. ஒன்றுமே மனசில் நிற்காத பிள்ளைக்கும் வகுப்பில் இடம் வேண்டும், ஆயி.

நேரத்துக்குச் சாப்பிடு. பணம் வேண்டுமானால் கேள்.

அந்தப் பையனின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. எடுத்த எடுப்பில் புகார் சொல்லாதே. அன்று அவன் நன்றாகச் செய்தது ஒன்றை முதலில் சொல். உன் அம்மாவிடம் எந்த டீச்சரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்படிக்கு,
அன்புடன்
அப்பா