முழுங்குறதையும் செக் பண்ணச் சொல்லி எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பக்கவாதம் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். வாய் கோணுனா, பேச்சு குழறுனா உடனே தூக்கிட்டு ஓடணும், நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போடணும்னு தெளிவா சொல்லியிருந்தீங்க. ஆனா உயிர் பொழைச்சு வந்தவருக்கு முதல் வாய் கஞ்சி எப்படிக் குடுக்கணும்னு ஒரு வரி கூட இல்ல. எங்க வீட்டுல நாங்க கோட்டை விட்டது அங்கதான்.

அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக். டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாத்திரை சீட்டு, பிசியோதெரபி சீட்டு எல்லாம் குடுத்தாங்க, சாப்பாடு என்னன்னு கேட்டா "கஞ்சி மாதிரி லைட்டா குடுங்க"ன்னதோட சரி. நாங்களும் படுத்த வாக்குலயே தலைய லேசா தூக்கி, தண்ணியா கரைச்சு ஸ்பூன்ல ஊத்துனோம். வாய்க்கு வாய் புரை ஏறும், அம்மா உச்சந்தலையில தட்டி யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்வாங்க. நாலு நாள்ல இருமல் நின்னுடுச்சு, தேறிட்டார்னு சந்தோஷப்பட்டோம். சாப்பிட்டு முடிச்சதும் தொண்டையில தண்ணி நிக்குற மாதிரி கொளகொளன்னு பேசுவார், அதை யாரும் கண்டுக்கல. அடுத்த வாரமே காய்ச்சல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேல நிமோனியா.

ரெண்டாவதா சேர்த்த ஆஸ்பத்திரியில ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தங்க வந்தாங்க, பேச்சுக்குன்னு நெனச்சேன், முழுங்குறதையும் அவங்கதான் பாப்பாங்கன்னு அன்னைக்குத்தான் தெரியும். மூக்கு வழியா மெல்லிசா கேமரா விட்டு, பச்சைக் கலர் கலந்த பால் ஒரு ஸ்பூன் குடுத்தாங்க. ஸ்க்ரீன்ல நானும் பார்த்தேன் சார், குரல் நாணைத் தாண்டி பச்சை மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குது, அப்பா இருமவே இல்ல, என்னையே பார்த்துட்டு இருக்கார். முழுங்குறப்ப குரல்வளை மேல ஏறி மூச்சுக்குழாய் வாசல் அடைபடணுமாம், அது கொஞ்சம் லேட்டானாலும் தண்ணி முந்திக்கும், உணர்ச்சி மரத்துப் போனா இருமலும் வராது. இருமல் நின்னதுக்கு நாங்க சந்தோஷப்பட்டோமேன்னு நெனச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

கொஞ்ச நாள் மூக்கு டியூப் வழியா சாப்பாடு, கூடவே அழுத்தி முழுங்குற பயிற்சி. நாடிய நெஞ்சோட சேர்த்து முழுங்கச் சொன்னாங்க, ஆனா அது எல்லாருக்கும் ஒத்து வராதாம், கேமராவுல பார்த்துட்டுதான் அப்பாவுக்குச் சொன்னாங்க. அப்புறம் கஞ்சி எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பார்க்கக் கத்துக் குடுத்தாங்க. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சுல (அதுக்குன்னு சரியான அளவு சிரிஞ்சு இருக்கு) அடியை விரலால அடைச்சு ராகிக் கஞ்சிய நிரப்பி, விரலை எடுத்து 10 செகண்ட் எண்ணணும், மிச்சம் 4ல இருந்து 8 மில்லிக்குள்ள நின்னா அவருக்கு சரியான பதம். ஆறுனா கஞ்சி இறுகிடும், அதனால குடுக்குற சூட்டுலயே பார்க்கணும். நிமிர்ந்து உக்கார வெச்சு ஊட்டணும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. வாயை நல்லா சுத்தம் பண்ணணும்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க, வாயில இருக்குற கிருமிதான் எச்சிலோட நுரையீரலுக்குப் போகுதாம்.

அடுத்த இதழ்லயாவது, வாய்வழியா எதுவும் குடுக்குறதுக்கு முன்னாடி "முழுங்குறத டெஸ்ட் பண்ணிட்டீங்களா"ன்னு டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி பெட்டிச் செய்தியா போடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

அப்பா இப்போ இட்லிய நல்லா பிசைஞ்சு குடுத்தா சாப்பிடுறார். ரசம் சாதம் மட்டும் இன்னும் குடுக்கல, தண்ணியும் சோறும் ஒரே வாயில சேர்ந்து வந்தா இன்னும் தடுமாறுறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி