என் கேள்வியை விட்டுவிடாதவருக்கு நன்றி

உயர்திறன் கணினி பற்றிய அந்த இணையவழி உரையை நெறிப்படுத்தியவருக்கு இந்த நன்றி போய்ச் சேரட்டும். உங்கள் பெயர் திரையில் வரவில்லை, குரல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

சாட்டில் நான் தட்டிய கேள்வி மற்றவற்றுக்கு அடியில் போய்விட்டது. நேரம் முடியும் தறுவாயில் நீங்கள்தான் அதைத் தேடி எடுத்து வாசித்தீர்கள். "இதற்குப் பதில் சொல்லிவிட்டு முடிப்போம்" என்றும் கேட்டுக்கொண்டீர்கள்.

ஒரே நேரத்தில் வேலைசெய்யும் 64 கோர் (செயலி அலகுகள்) கொடுத்தும் என் நிரல் சுமார் 15 மடங்குதான் வேகமெடுத்தது, ஏன் என்பதே கேள்வி. பேச்சாளர் பொறுமையாக விளக்கினார். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்குதான். நிரலில் 5 சதவீதம் கோர்களுக்குப் பிரித்துக்கொடுக்க முடியாமல் வரிசையாகத்தான் ஓடும் என்றால், எத்தனை ஆயிரம் கோர் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. சேர்ந்து ஓடும் பல பிராசஸ்களில் (நிரலின் இயங்கும் பிரதிகளில்) ஒன்று மட்டுமே எல்லா முடிவுகளையும் கோப்பில் எழுதிக்கொண்டிருந்ததுதான் என் நிரலின் முட்டுக்கட்டை. இப்போது பல பிராசஸ்கள் ஒரே கோப்பில் சேர்ந்து எழுத உதவும் எம்பிஐ-ஐஓ வழியாக எல்லாப் பிராசஸும் சேர்ந்து எழுதுகின்றன. வேகம் கண்கூடாகத் தெரிகிறது.

எடின்பரோவில் 2013-இல் தொடங்கிய 'விமன் இன் எச்பிசி' (உயர்திறன் கணினித் துறையில் பெண்கள்) போன்ற அமைப்புகளால் இந்தத் துறையின் மேடைகளில் பெண்களின் குரல் கூடியிருக்கிறது. மேடையில் யார் பேசுகிறார்கள் என்பதைப் போலவே யாருடைய கேள்வி வாசிக்கப்படுகிறது என்பதும் முக்கியம் என்று நினைக்கிறேன். அதை நீங்கள் செய்துகாட்டினீர்கள்.

பிறகு நீங்கள் அனுப்பிய காணொளி இணைப்பை எங்கள் லேபில் இருக்கும் ஜூனியர் பெண்களுக்கும் அனுப்பிவிட்டேன். மனமார்ந்த நன்றிங்க.