பையும் கையுறையும் இருக்கட்டும், பதில் எங்கே?

கடற்கரைப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அடுத்த தூய்மைப் பணிக்கு எங்களை அழைத்திருக்கிறீர்கள். கட்டாயம் வருகிறோம். பை, கையுறை, குடிதண்ணீர், குழுப்படத்துக்குப் பதாகை எல்லாம் தயார் என்று எழுதியிருந்தீர்கள். பதாகையை மட்டும் விட்டுவிடலாம். அதுவும் பிளாஸ்டிக்தான்; போன முறை அது காற்றில் பிய்த்துக்கொண்டு போனபோது துரத்திப் பிடித்தவர்களும் நாங்கள்தான்.

ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாங்கள் நிரப்பித் தருகிற கணக்குத் தாள்கள் எங்கே போகின்றன?

பொறுக்கியதை எண்ணிக் குறிப்பது நாங்களாகப் பிடித்துக்கொண்ட பழக்கம் இல்லை. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ் தன்னார்வலர்களைத் திரட்டியபோதே, கிடைத்த பொருளையெல்லாம் வகைவாரியாகக் குறிக்கச் சொன்னார். இன்று பல நாடுகளில் நடக்கும் சர்வதேசக் கடலோரத் தூய்மைப் பணி அதிலிருந்து வளர்ந்ததுதான். எத்தனை மூட்டை சேர்ந்தது என்பது செய்திக்குறிப்புக்கு உதவும். குப்பை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் மூட்டைக்குள் பார்க்க வேண்டும். அறுந்த வலையும் கயிறும் மிகுதியாக இருந்தால், படகுத்துறையில் பழைய வலைகளை வாங்கி வைக்க ஓர் ஏற்பாடு தேவை. சிகரெட் துண்டும் மிட்டாய் உறையும் வடிகால் வாயருகே குவிந்திருந்தால், அவற்றைக் கடல் கொண்டுவரவில்லை. தெருவில் போட்டவை மழைநீரோடு வந்திருக்கின்றன. காது குடையும் குச்சிகள் கிடைத்தால் நிலைமை இன்னும் மோசம். கழிப்பறையில் போட்டவை கழிவுநீர் நிலையத்துச் சல்லடைக்கும் தப்பி வந்திருக்கின்றன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

எங்கள் தாள்களில் இந்தக் கடைசி வகை திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் ஒரே வடிகால் வாயருகே. அதைப் படித்தவர் யாராவது உண்டா?

குச்சியையாவது கையால் எடுத்துவிடலாம். அதோடு வரும் தண்ணீரை என்ன செய்வது? கடல்நீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் பரிந்துரைத்த வரம்பு, 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 35. வழக்கமான சோதனையில் முடிவு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் குழந்தைகள் குளித்து முடித்து வீட்டுக்கே போய்விடுவார்கள். அதனால்தான் பலத்த மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் இறங்க வேண்டாம் என்று பல இடங்களில் முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். தூய்மைக்கான சர்வதேசச் சான்றான நீலக்கொடி பெறும் கடற்கரைகளில் நீர்த்தர விவரத்தைப் பார்வைக்கு வைப்பது கட்டாயம். நம் கரையில் 'குப்பை போடாதீர்' பலகை மட்டும் வரிசையாக நிற்கிறது.

பிரிட்டனின் கார்ன்வாலில் 1990-இல் அலைச்சறுக்கு வீரர்கள் சிலர் இதே எரிச்சலில்தான் 'சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சூவேஜ்' (கழிவுநீருக்கு எதிரான அலைச்சறுக்கு வீரர்கள்) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குப்பை பொறுக்குவதோடு நிற்காமல், நச்சுப்புகை முகமூடி மாட்டிக்கொண்டு அதிகாரத்தில் இருப்பவர்களின் வாசலுக்கே போனார்கள். எங்களுக்கு முகமூடி தேவைப்படாது என்று நம்புகிறோம்.

அப்புறம், அந்த இயந்திரம். கரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மணலைச் சுரண்டும் வண்டியை ஓட்டுகிறீர்கள். அது ஒதுங்கிய கடற்பாசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. அந்தப் பாசியில் வாழும் சிறு பூச்சிகள்தான் கரைப்பறவைகளுக்கு இரை. மணல் தங்கி மேடாகவும் பாசி உதவுகிறது. பிளாஸ்டிக்கை நாங்கள் கையால் பிரித்து எடுக்கிறோம், பாசியை அங்கேயே விடுங்கள். வண்டிக்கு ஆகும் செலவில் தண்ணீர்ச் சோதனையைத் தொடங்கலாமே.

கடந்த முறைகளில் தந்த தாள்களின் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். அந்த வடிகாலில் கழிவுநீரைக் கலப்பது யார், அதை அடைக்கும் பொறுப்பு எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுத்தில் பதில் வேண்டும். தூய்மைப் பணி நாளுக்குள் கொடுத்தால் கூடியிருப்பவர்கள் முன் நாங்களே வாசிக்கிறோம். பதில் வராவிட்டாலும் வருவோம். ஆனால் அன்று குழுப்படத்துக்கு நிற்க மாட்டோம். வடிகால் வாயருகே தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முடிவு வந்ததும், எப்படி வந்ததோ அப்படியே, கரையில் பலகையில் எழுதி வைப்போம்.

இப்படிக்கு,
கடற்கரைத் தன்னார்வலர்கள்