எஞ்சினுக்குப் பின்னால் இருப்பவை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் சீரிஸ் 3 லேண்ட்ரோவர் நீலப் புகை விடுவதாகவும், வாரத்துக்கு வாரம் ஆயில் குறைவதாகவும், சிறிய ஏற்றத்துக்கே இரண்டாம் கியரைத் தேட வேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். பழைய எஞ்சினையே இறக்கி வேலை பார்ப்பதா, 3.5 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினை ஏற்றுவதா, லேண்ட்ரோவரின் இன்னொரு மாடலான டிஸ்கவரியில் இருந்து கழற்றிய 200 டிடிஐ டீசல் எஞ்சினை வாங்குவதா என்றும் கேட்டிருந்தாய். ஆனால் ஒரு சிலிண்டரிலாவது அழுத்தம் எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை. மருந்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு நாடி பார்க்க மறந்துபோனவளாக இருக்கிறாய்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தமானியில் பார்த்துக் குறித்துக்கொள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பார். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் துளையான போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில்தான் கோளாறு, அதற்கு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் கைடு சீல் போனாலும் நீலப் புகை வரும் என்பதால், புகையை மட்டும் பார்த்து எஞ்சினுக்கு முடிவு கட்டிவிடாதே.

அழுத்தம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் புது எஞ்சினின் குதிரைத்திறனை நீ கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். உன் சீரிஸ் 3-இல் லோ ரேஞ்சில், அதாவது மெதுவாக ஆனால் வலுவாக இழுக்கும் நிலையில், முதல் கியர் போட்டால், கியர்பாக்ஸ், விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், 4.7-க்கு 1 என்ற ஆக்சில் விகிதம் ஆகிய மூன்றும் சேர்ந்து எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ 40 மடங்கு பெருக்குகின்றன. டிஸ்கவரி 200 டிடிஐ நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே 265 நியூட்டன் மீட்டர் தரும். அதை 40 ஆல் பெருக்கினால் ஆக்சில்களுக்குப் போவது 10,000 நியூட்டன் மீட்டருக்கும் மேல். அந்தச் சுமையைத் தாங்க வேண்டியவை, சுமார் 70 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மெல்லிய பின் ஆக்சில் ஷாஃப்டுகள். உனக்கு எட்டு வயதிருக்கும்போது நம் பழைய வண்டியில் ஒரு பெரிய டீசலை ஏற்றிவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசினேன். முதல் மழையிலேயே, சேற்றில் சிக்கி ரிவர்ஸ் போட்டபோது, பின் ஆக்சில் ஷாஃப்ட் மளுக்கென்று முறிந்தது. முன் சக்கர இழுவையை மட்டும் நம்பி ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். நீ அதை ஒரு விளையாட்டாகவே நினைத்திருந்தாய்.

வி8 மீது உனக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. அலுமினியத்தால் ஆன அந்த 3,528 சிசி எஞ்சின், உன்னுடைய இரும்பு நான்கு சிலிண்டரைவிடக் கனமானதன்று. அதன் ஒலிக்கு நானும் மயங்கியவன்தான். ஆனாலும் உன் கியர்பாக்ஸோடு அதை இணைக்கத் தனி அடாப்டர் பிளேட் வேண்டும், பெட்ரோலை அது தண்ணீராகக் குடிக்கும், உன் வலது கால் எத்தகையது என்பதும் எனக்குத் தெரியும். அது வேண்டாம்.

200 டிடிஐ பற்றி நான் அப்படிச் சொல்லமாட்டேன். உன் 2,286 சிசி எஞ்சினின் குடும்பத்தில் வந்ததுதான் அந்த 2,495 சிசி டீசல் என்பதால், சிறு மாற்றங்களோடு உன் கியர்பாக்ஸில் பொருந்திவிடும். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி கிடையாது. டீசல் பம்ப்பில் எரிபொருளைத் திறந்து மூடும் ஸ்டாப் சொலனாய்டுக்கு ஒரு கம்பியில் கரண்ட் போனால் எஞ்சின் ஓடும். டீசலில் பெட்ரோல் எஞ்சினைப் போல வெற்றிடம் உண்டாகாதே, பிரேக் பூஸ்டருக்கு என்ன செய்வது என்று கேட்பாய். அதற்கான வேக்குவம் பம்ப் அந்த எஞ்சினிலேயே இருக்கிறது. தொல்லை வேறு இடத்தில். டிஸ்கவரிக்கான எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ தாழ்வாக அமைந்திருப்பதால் உன் சேசிஸில் இடிக்கும்; அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் ஆயில் கூலருக்கும் முன்பக்கம் இடம் கண்டுபிடிக்க வேண்டும். 4.7 ஆக்சிலோடு நெடுஞ்சாலையில் போனால் அந்த டீசல் அலறும். அதற்காகப் பலர் செய்வதைப் போல ஆக்சிலில் 3.54 விகித டிஃபரன்ஷியல் போட்டால், 40 மடங்கு என்றது 30 ஆகிவிடும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலுவும் அந்த அளவுக்குக் குறையும், ஏற்றத்தில் கிளட்ச் தேயும். வேகம் கூடியபின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் போதுமா என்பது அடுத்த கேள்வி. எஞ்சின் மாற்றுவதில் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டுதான் வரும்.

நீ வாரத்தில் ஒரு நாள் காட்டுப் பாதையில் மெதுவாக ஏறி இறங்குகிறாய், மற்ற நாள்களில் வண்டி கொட்டகையில் நிற்கிறது. இந்த ஓட்டத்துக்குப் பழைய எஞ்சினைச் செப்பனிடுவதே என் தேர்வு. போரை அளக்கச் சொல். இன்னும் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு இடம் இருந்தால் போரைக் கடைந்து அகலமாக்கி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கிரைண்ட் செய்து, ஹெட்டில் ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு சீட்டுகளைப் பதிக்கச் சொல். உன்னுடையது 1980-க்கு முந்தைய வண்டி. அதன் கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில் சுழல்வது. பின்னர் வந்த ஐந்து பேரிங் எஞ்சின் உறுதியானது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால், அதை வாங்கிச் செப்பனிடுவதும் நல்ல யோசனைதான். பிளாக்கில் விரிசல் இருந்தால் மட்டும் டீசலுக்குப் போ.

அப்படிப் போவதானால், தரையில் கிடக்கும் எஞ்சினை விற்பவரின் சொல்லை நம்பி வாங்காதே. இரவு முழுதும் ஆறிய எஞ்சினை உன் கண் முன்னே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்; சூடானதும் ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார். டைமிங் பெல்ட்டை, எப்போது மாற்றினோம் என்று அவர்கள் என்ன சொன்னாலும், நீ புதிதாகவே மாற்று. எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் மாறுவதைப் பதிவு அலுவலகமும் காப்பீட்டாரும் ஏற்பார்களா என்று, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

எந்த வழியில் போனாலும் பழைய எஞ்சினை உடனே எடைக்குப் போட்டுவிடாதே. டீசலை ஏற்றினால், கியர்பாக்ஸோடு இணைக்கப் பழைய எஞ்சினின் ஃப்ளைவீல் ஹவுசிங் உனக்குத் தேவைப்படலாம். அழுத்தமானி என்னிடம் இருக்கிறது; அடுத்த வாரம் வரும்போது எடுத்து வருகிறேன், அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா