மகளுக்கு, உலாவியை மாற்றியது பற்றி

திருநகர், மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல். நான்கு வாரங்களாக உன் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வேலை அதிகம் என்கிறாய், இருக்கும். அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதத்தை எடுக்கவில்லை.

நிற்க. பொங்கலுக்கு வந்தபோது நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன உன் பழைய போனில் எந்த பிரவுசரை, அதாவது உலாவியை, வைத்துக்கொள்வது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ கணினியோடு பிழைக்கிறவள். உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் 34 வருடம் தபாலைப் பிரித்து அடுக்கியவன் எதையும் காரணம் இல்லாமல் மாற்றமாட்டான் என்பது உனக்குத் தெரியும் என்பதால், காரணத்தை எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசி வரை படி.

மாசி மாதப் பிரதோஷத்துக்கு நேரம் பார்ப்பதற்காக குரோமில் தேடி ஒரு பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தேன். அறிவிப்புகளை அனுப்பலாமா என்று ஒரு சிறிய பெட்டி வந்து நின்றது. கீழே 'தடு', 'அனுமதி' என்று இரண்டு பொத்தான்கள். அனுமதித்தால்தான் பக்கம் திறக்கும் என்று நினைத்து அதையே அழுத்தினேன். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது. உங்கள் போனில் 5 வைரஸ்கள் இருக்கின்றன, உடனே இங்கே அழுத்துங்கள் என்று ஓர் அறிவிப்பு. அன்று ஒரு நாளில் மட்டும் பதினேழு வந்தன. உன் அம்மா போனை அணைத்து அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது என்றாள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். 350 ரூபாய் வாங்கிக்கொண்டு வைரஸ் நீக்கும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். பேருந்து திருப்பரங்குன்றத்தைத் தாண்டுவதற்குள் மறுபடியும் அதே அறிவிப்பு வந்தது.

அன்று இரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அறிவிப்பையே நிதானமாகப் பார்த்தேன். உறையின் மூலையில் அனுப்புநர் முகவரி இருப்பதைப் போல, மேலே பொடி எழுத்தில் குரோம் என்றும், அதை ஒட்டி ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. போனில் வைரஸ் எதுவும் இல்லை, நான் கொடுத்த அனுமதியைப் பிடித்துக்கொண்டு யாரோ துண்டுச்சீட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அமைப்புகளுக்குள் போய், தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று தேடி அந்த முகவரியைத் தடுத்தேன். ஒரு நிமிட வேலை. அன்றோடு நின்றுவிட்டது. இப்போது நம் தெருவில் நான்கு பேருக்கு அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

பிறகு மற்ற உலாவிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். உன் தம்பி கல்லூரியில் படித்தபோது பட்டன் போனில் ஓப்பரா மினி வைத்திருந்தான். 2016இல் ஜியோ வருவதற்கு முன்பு டேட்டாவுக்குக் காசை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் அது. அந்த உலாவி பக்கத்தை முதலில் தன் சர்வரில் இறக்கி, சுருக்கி, அதன் பிறகே போனுக்கு அனுப்பும். சிக்கனம்தான். ஆனால் தந்தியைப் போன்றது. 2013இல் நிறுத்தும் வரை தந்தி கொடுத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும், எழுதிக் கொடுத்ததை அடிப்பவர் படித்துத்தான் ஆக வேண்டும். அதிகச் சுருக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் சர்வர் பக்கத்தைப் பிரித்துத்தான் சுருக்குகிறது. ஆகவே வங்கி வேலைக்கு அது ஆகாது. யூசி பிரவுசரை 2020 ஜூன் 29 அன்று மற்றச் சீனச் செயலிகளோடு அரசு தடை செய்துவிட்டது; உசிலம்பட்டி சித்தப்பாவின் போனில் இன்னும் கிடந்ததை நானே நீக்கினேன். பிரேவ் விளம்பரங்களைத் தானாகவே தடுக்கிறது, வேகமாகவும் இருக்கிறது. ஆனால் குரோம், பிரேவ், எட்ஜ், சாம்சங் போனோடு வருவது எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின் மேல் கட்டியவை. ஃபயர்பாக்ஸ் மட்டும் சொந்த எஞ்சினில் ஓடுகிறது. அதன் பின்னால் இருப்பது மொசில்லா என்ற இலாப நோக்கமற்ற அறக்கட்டளை. நீட்சிகள் என்று உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு செயலிகள் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் குரோம் அவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை, ஃபயர்பாக்ஸ் கொடுக்கிறது. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர்த்துவிட்டு அதே பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தேன். முன்பு நான்கு விளம்பரங்களைத் தள்ளிய பிறகே கண்ணில் பட்ட பிரதோஷ நேரம், இப்போது முதல் திரையிலேயே தெரிந்தது.

இதோடு முடித்து, ஃபயர்பாக்ஸ் வைத்துக்கொண்டேன் என்று எழுதி அனுப்பியிருக்கலாம். மூன்று முறை அப்படி எழுதிக் கிழித்துவிட்டேன்.

அம்மாடி, உலாவிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வழியில் நடப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். முகவரி https என்று தொடங்காமல் http என்று மட்டும் தொடங்கும் பழைய தளம் தபால் அட்டை மாதிரி. கை மாறும் இடமெல்லாம் படிக்கலாம். https என்று தொடங்கினால் ஒட்டிய உறை. வழியில் யாரும் படிக்க முடியாது. மறைநிலையில், அதாவது இன்காக்னிட்டோவில், திறந்தால் வீட்டுப் பதிவேட்டில் பதியாது, அவ்வளவுதான்; கொண்டுபோகும் இணைய நிறுவனத்துக்கும் பெற்றுக்கொள்ளும் தளத்துக்கும் தெரியத்தான் செய்யும். இவையெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு நன்றாக ஒட்டிய உறையும் வீட்டில் மேசையின் மேல் பிரித்துக் கிடந்தால், அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்கலாம். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

போனைக் கொடுத்த அன்று, எல்லாச் செயலிகளும் அப்படியே இருக்கட்டும், கணக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாய். என் கணக்கை இரண்டாவதாகச் சேர்த்தாயே தவிர, குரோம் உன் கணக்கிலேயே இருந்தது, ஒரே கணக்கில் இருக்கும் சாதனங்களுக்குள் எல்லாவற்றையும் பகிரும் ஒத்திசைவும் நிற்கவில்லை. பெங்களூருவில் உன் புதிய போனில் நீ தேடுவதெல்லாம் இங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள், மழை வருமா என்று பார்ப்பதற்காக முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் முதல் எழுத்தைத் தட்டினேன். வானிலை என்பதற்கு மேலே, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி, தனி அறை, முன்பணம் எவ்வளவு என்ற தேடல் வந்து நின்றது. பக்கத்தில் சிறிய கடிகாரக் குறி. முன்பே தேடியது என்பதற்கு அடையாளம் அது.

அப்போதே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. வரலாறு என்ற பக்கத்தைத் திறந்தேன். அன்று மட்டும் அல்ல; மூன்று வாரங்கள், உன் அம்மா தூங்கிய பிறகு, ஒவ்வோர் இரவும் திறந்து படித்தேன். பணியில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் உறை ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் அல்ல நான்.  அப்படி இருந்தவன் பெற்ற மகளின் தபாலைப் பிரித்துப் படித்தேன். என்ன படித்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன்.

படித்ததை வெளியே சொல்லாமல் கணக்கை நீக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் வீட்டு டேப்லெட் நினைவுக்கு வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கியது. படம் பார்ப்பதற்கென்று உன் கணக்கைத்தான் அதில் போட்டாய். நாங்கள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்திருந்தீர்கள். திருநகரில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்ததை, அந்த மேசையில் உட்கார்ந்து வேறு ஒருவரும் பார்க்க முடியும். இதுவரை பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் எழுதாமல் ஸ்பீட் போஸ்டில் உன் அலுவலக முகவரிக்கு அனுப்புவதற்கும் அதுதான் காரணம்.

ஆகவே இதைச் செய். வீட்டில் செய்யாதே, அலுவலகத்தில் உட்கார்ந்து செய். முதலில் உன் போனில் குரோமைத் திறந்து, வரலாற்றில் இருக்க வேண்டாதவற்றை நீக்கு. ஒத்திசைவு இயங்கும்போதே நீக்கினால்தான் இணைந்திருக்கும் மற்றச் சாதனங்களிலிருந்தும் அவை போகும். அதன் பிறகு அமைப்புகளில் உன் பெயரைத் தொட்டு, வரலாறும் தாவல்களும் ஒத்திசைவதை நிறுத்து. கூகுள் கணக்கில் 'எனது செயல்பாடு' என்ற பக்கத்தையும் பார்; தேடியவை அங்கே தனியாகச் சேர்ந்திருக்கும். பாதுகாப்பு என்ற பகுதியில் உன் கணக்கு திறந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் டேப்லெட்டை உடனே வெளியேற்றிவிடாதே. மறுபடி உள்நுழையச் சொல்லி அது கேட்கும், ஏன் என்று கேள்வி வரும். கடவுச்சொல்லை மாற்றினாலும் அப்படியே. அந்த இரண்டையும் எப்போது செய்வது என்பதை நீயே முடிவு செய்துகொள். குரோம் சேமித்த கடவுச்சொற்களும் அதே கணக்கோடுதான் போகின்றன என்பதை மறக்காதே. சம்பளம் வரும் வங்கியின் கடவுச்சொல்லை அதில் வைத்திருந்தால் எடுத்துவிடு.

இனி இப்படிப்பட்ட விஷயங்களைத் தேடுவதற்கு ஃபயர்பாக்ஸை வைத்துக்கொள். அதில் எந்தக் கணக்கும் போடாதே. வெளியேறும்போது உலாவல் தரவை அழிப்பதற்கு அதன் அமைப்புகளில் ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் மெனுவில் இருக்கும் 'வெளியேறு' வழியாக மூடினால், தனியாக அழிக்க வேண்டாம். போனின் பூட்டு எண் வேறு யாருக்காவது தெரியும் என்றால் அதையும் மாற்று. எந்த உலாவி என்பதைவிட யாருடைய கணக்கு என்பதுதான் முக்கியம். மறுபடியும் சொல்கிறேன், அதில் எந்தக் கணக்கும் போடாதே.

முதல் வாரம் உன் மேல் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. நம் தெருவிலேயே முதல் கணினியை உனக்காகத்தான் கடன் வாங்கி வாங்கினேன்; பெற்றவர்களிடம் சொல்லாததை ஒரு தேடுபெட்டியில் எழுதுகிறாளே என்று நினைத்தேன். பிறகு மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் நினைவுக்கு வந்தது. பேருந்து கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்பா, ஒரு விஷயம் என்று தொடங்கினாய். நான் போனை நீட்டி, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டேன். நீ வாங்கிச் செய்து காட்டினாய். பெரிதாக்கி, போதுமா என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தாய். அதற்குள் நடத்துநர் ஏறிவிட்டார். எழுத்தைப் பெரிதாக்க எனக்குத் தெரியும். நீ சொல்ல வருவது நல்ல செய்தி இல்லை என்று உன் முகத்திலேயே தெரிந்தது; அதனால்தான் போனை நீட்டினேன். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் கிணற்றடியில் நீ என்னிடம் கேட்டபோதும் வாழைமரம் கட்ட ஆள் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனேன். கேட்டால் பதில் வருகிற இடத்தில் நீ போய்க் கேட்டதில் ஒரு தவறும் இல்லை.

இன்று மாலை போனின் அமைப்புகளிலிருந்து உன் கணக்கை நீக்கினேன். குரோமை இந்தப் போனிலிருந்து எடுக்க முடியாது, முடக்கத்தான் முடியும், முடக்கிவிட்டேன். ஃபயர்பாக்ஸ் மட்டும் இருக்கிறது, அதில் எந்தக் கணக்கும் இல்லை. முதலெழுத்தைத் தட்டினால் இப்போது வானிலைதான் வருகிறது. இனி நீ சொன்னால்தான் எனக்கு எதுவும் தெரியும்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே வைஃபை ஒரு கோடுதான் காட்டியது. ரூட்டரைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றிய பிறகு முழுதாகக் காட்டுகிறது. என் போனை அங்கே கொண்டுபோய் ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக வரும் தூத்துக்குடி வண்டி காலையில் மதுரைக்கு வந்துவிடுகிறது. எந்த நாள் என்று மட்டும் சொல், ஸ்டேஷனில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: வரலாற்றில் வேண்டாதவற்றை நீக்குவதையும், அதன் பிறகு அது ஒத்திசைவதை நிறுத்துவதையும் இதைப் படித்த உடனேயே செய்துவிடு. மற்றவற்றை யோசித்துச் செய்யலாம்.