மகனின் நியமனம் பற்றி

கொழும்பு 06

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் நிர்வாக சேவைப் பரீட்சையில் தேறி, போக்குவரத்துப் பக்கமே நியமனம் பெற்றதில் மிக்க மகிழ்ச்சி. “நீ அந்தத் துறையில் பழுத்தவன்தானே, பிள்ளைக்கு ஏதாவது சொல்” என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். அவனுக்கு உவப்பாக இராது.

இளம் அதிகாரிகள் எல்லோருக்கும் நெடுஞ்சாலை வேலையில்தான் கண். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை அதிவேகப் பாதை திறந்தபோது நாடே வாய்பிளந்து பார்த்தது. பஸ் கட்டணத்துக்கு யார் நாடா வெட்டுவார்? ஆனால் என் காலத்தில் நடந்தவற்றுள் நான் பெரிதாக மதிப்பது 2002இல் வந்த பஸ் கட்டணக் கொள்கையைத்தான். டீசல், டயர், உதிரிப்பாகம், சம்பளம் என்று செலவுகளைக் கூட்டிப் பார்த்து, ஆண்டுக்கொரு முறை ஜூலையில் கட்டணத்தைத் திருத்துவதென்று அதில் முடிவாயிற்று. அதற்கு முன் தேர்தலைப் பார்த்துத்தான் கட்டணம் ஏறும், இறங்கும். பின்னரும் கைவைக்கப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் கணக்கைக் காட்டி மறித்துப் பேச நமக்கு ஒரு பிடி இருந்தது.

தனியார் பஸ்ஸின் சங்கதியை அவன் முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். 1958இல் பஸ்கள் அரசுடைமையாகின. 1979இல் தனியாருக்கு மறுபடி இடம் கொடுத்தார்கள். கொடுத்த விதத்தில்தான் கோளாறு. ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கும் சிறு முதலாளிகள் ஊரெல்லாம் பெருகினார்கள். சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலில்தான் கூலி. ஆகவே ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் தூங்குவார்கள். பின்னால் அதே இலக்க பஸ் தலைகாட்டினால் பேய் பிடித்தவர்கள்போல் பறப்பார்கள். காலி வீதியில் இந்தக் கூத்தை நாள்தோறும் பார்க்கிறேன். சனங்கள் சாரதியைத் திட்டுகிறார்கள். கூலி கொடுக்கும் முறையை விட்டுவிட்டுச் சாரதியைத் திட்டி என்ன பயன்?

இலகு ரயிலின் கதை உனக்குத் தெரியும். மாலபேயிலிருந்து கோட்டைக்கு, ஜப்பான் கடனில். 2019இல் கடன் ஒப்பந்தம், 2020 செப்டம்பரில் ரத்து. செலவு அதிகம் என்றார்கள். இருக்கட்டும், அதை இரு பக்கமும் வாதிடலாம். ஆனால் கையெழுத்திட்ட பிறகா அந்த யோசனை வருவது? உன் மகன் எழுதப்போகும் அமைச்சரவைப் பத்திரம் ஒன்றுக்காவது இந்தக் கதி வரும். கோப்பை மட்டும் ஒழுங்காக எழுதி வைக்கச் சொல். பத்து வருடம் கழித்தாவது யாராவது தூசி தட்டுவார்கள்.

நமது யாழ்தேவியும் அப்படித்தானே? 1990இல் நின்ற ரயில், 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. அப்போது நீ போட்ட கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கம் பக்கமாகத் தண்டவாளத்தைப் பற்றியே எழுதியிருந்தாய். என் வீட்டாரின் சுகம் விசாரித்து ஒரு வரி இல்லை!

அவன் வீடு கிடைக்கும்வரை எங்களுடனேயே தங்கட்டும், மாடி அறை சும்மா கிடக்கிறது. கடமை ஏற்குமுன் காலை வேளையில் 177ஆம் இலக்க பஸ்ஸில் கடுவலையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு நின்றுகொண்டே வரவேண்டும் என்பது என் நிபந்தனை. அமைச்சு வாகனம் கிடைத்த பிறகு அந்தப் பக்கம் போகமாட்டான். அவனிடம் பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டும் கொஞ்சம் கொடுத்தனுப்பு. இங்கே கடையில் விற்பது வாயில் வைக்க முடியவில்லை.

அன்புடன்,
உன் பழைய தோழன்